அந்தத் திடீரை எடுத்துடு

இல்லம்மா, இந்த வரியில ஒண்ணு இடிக்குது. நீ நல்லாத்தான் எழுதியிருக்க. உதவி ஆசிரியரின் மனைவி திடீர் மரணம். நம்ம ஆபீஸ்ல யாரு எழுதினாலும் இப்படித்தான் எழுதுவாங்க, நான் சொல்லிக் குடுத்ததுதானே. ஆனா அந்தத் திடீரை மட்டும் எடுத்துடு.

ஏன்னா கேக்குற? உக்காரு. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காரு. பக்கம் முடிக்க இன்னும் நேரமிருக்கு, எனக்குத் தெரியாதா?

நான் வேலைக்குச் சேந்த புதுசுல, தலைப்புல இடம் காலியா நின்னா நியூஸ் எடிட்டர் கத்துவார், ஒரு திடீரைப் போட்டு அடைய்யான்னு. அளவான வார்த்தை, எங்க வச்சாலும் உக்காந்துக்கும். திடீர் மழைன்னு போடுவோம். காலையிலேருந்து வானம் கறுத்துக்கிட்டு நின்னிருக்கும். ஆஸ்பத்திரியில மந்திரி திடீர் சோதனைன்னு போடுவோம். ஒரு வாரமா அங்க வெள்ளையடிச்சிருப்பாங்க, நம்ம போட்டோகிராபர் மந்திரிக்கு முன்னாடியே போய் நிப்பான். கட்சி மாறினவனுக்குத் திடீர் பல்டி. கல்யாணம் நின்னுபோனா மாப்பிள்ளை திடீர் மாயம். சிரி, பரவால்ல, உள்ள கேக்காது. எனக்கே திடீர் சார்னு பேரு வச்சிருக்கீங்கல்ல, தெரியும்.

அதுல ஒரு சௌகரியம் இருக்கும்மா. ஒரு தடவை ஸ்கூல் சுவர் இடிஞ்சு பிள்ளைங்களுக்குக் கை கால் உடைஞ்சுது. சுவர் வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குதுன்னு வாத்தியார் ஒருத்தர் பாத்தவங்ககிட்டயெல்லாம் புலம்பியிருக்கார். நிருபர் அதையும் எழுதியிருந்தார். இடமில்லன்னு நான்தான் அந்தப் பாராவை வெட்டினேன். சுவர் திடீரென இடிந்ததுன்னு போட்டுட்டோம்னா அப்புறம் யாரையும் எதுவும் கேக்க வேண்டாம் பாரு. கட்டினவனும் தப்பிச்சான், பாத்துக்கிட்டு சும்மா இருந்தவனும் தப்பிச்சான்.

தண்ணி குடிக்கிறியா? அக்கா, நம்ம ஆபீஸ் பொண்ணு வந்திருக்கு, கொஞ்சம் தண்ணி குடுங்க. பாவம், பக்கத்து வீட்டுக்காரங்க, நேத்திலேருந்து அவங்கதான் ஒத்தையில வீட்டைப் பாத்துக்கறாங்க.

டாக்டரா? அவரும் திடீர் மாரடைப்புன்னுதான் சொன்னார். அவருக்கு நேத்துதானே என் வீட்டுக்காரியைத் தெரியும். கண்ணாடி மாத்தணும்னு லீவு கேட்டேனே, அதுக்கு முன்னாடியிலேருந்தே இடது தோள்பட்டை இழுக்குதுங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தா. மாடி ஏறினா நடுப்படியில உக்காந்துடுவா. வாயுவா இருக்கும்டின்னேன். டாக்டர்கிட்ட போலாமான்னா. தேர்தல் முடியட்டும்னேன். தேர்தல் முடிஞ்சுது, சிறப்பு மலர் வேலை இருக்குன்னேன். அப்புறம் அவ கேக்கறதையே விட்டுட்டா. சரியாப் போச்சு போலன்னு நானும் நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சுக்கறது எனக்கு வசதியா இருந்துச்சும்மா, அதான் உண்மை.

மக இன்னிக்குக் காலையில வந்து எறங்கினா. கைப்பையைக்கூட கீழ வைக்கல, அம்மா முன்னாடி ஏதாச்சும் சொன்னாங்களாப்பான்னு கேட்டா. வாயில தயாரா இருந்துச்சு. இல்லடா கண்ணு, திடீர்னுதான்னுட்டேன். என் கையைப் புடிச்சுக்கிட்டு, நீங்க என்னப்பா பண்ணுவீங்கன்னு எனக்கு ஆறுதல் சொல்றா. நான் அதையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அதனால, சில மாதங்களாக உடல்நலக்குறைவால் அவதிப்பட்டு வந்தார்னு போட்டுடு. நாளைக்குப் பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்.

என்னம்மா முறைக்கிற? பெத்த பொண்ணுக்கு நியூஸ் போட்டா சொல்றதுங்கறியா?

ம்.

சரி, பேனாவை மூடு. உள்ள என் மக அவ அம்மாவோட துணியெல்லாம் மடிச்சுக்கிட்டு இருப்பா. அப்பா கூப்பிடறார்னு வரச் சொல்லு. நீ அப்படியே கிளம்பிடாதம்மா. நான் மறுபடியும் ஏதாச்சும் மழுப்பினா, நீயாவது இங்க இருக்கணும்.