நாற்பத்திரண்டாம் பக்கம்

எனக்குத் தூசி ஆகாது. பழைய புத்தகத்தைப் பிரித்தாலே நாலு தும்மல் போடுவேன். அப்படிப்பட்டவன் எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் ஆவண அறையில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டினேன் என்றால், ஐயா, வேலைமேல் எனக்கிருந்த பிடிப்பு உங்களுக்கே புரியும்.

கடைசி ஆறு வருடம் ஸ்கேனர் வேலை. பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றுவேன். ஊர்க்காரர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே தாத்தா பள்ளிக்கூடம் சேர்ந்த தேதியைத் தேடிப் பார்ப்பார்கள். வெற்றுப் பக்கங்களை மட்டும் விட்டுவிடுவோம்.

ஒருநாள் நூற்பாலையின் கேட் பதிவேடு என் மேசைக்கு வந்தது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஆலை எரிந்தபோது பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருபத்தேழு பெண்கள் செத்தார்கள். சாவியைக் கொதிகலன்காரர் வாங்கிப் போனதாகக் காவலாளி சாட்சி சொன்னார். குடிபோதையில் தொலைத்துவிட்டார் என்று ஊரே அவரைக் காறித் துப்பியது. மனிதர் தலைநிமிராமலே போய்ச் சேர்ந்தார். காவலாளியோ கடப்பாரையால் கேட்டை உடைத்து ஒன்பது பேரைக் காப்பாற்றியவர். அவர் என் அப்பா. அருங்காட்சியக முன்கூடத்தில் அவர் படம் இருக்கிறது.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில், தீப்பிடித்த தேதியில், அப்பாவின் கையெழுத்து. 'மணி மூன்று. கேட்டைப் பூட்டிச் சாவியோடு வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன்.' எழுதாமலே போயிருக்கலாம். விதிப்படி நடக்கிற மனிதர். சாவி சட்டைப்பையில் இருக்கும்போது கடப்பாரையை எதற்குத் தேடினார் என்று நான் யோசிக்கவில்லை. பெற்றவரை மகன் விசாரிப்பது முறையில்லை. வெற்றுப் பக்கம் என்று குறித்துவிட்டு அடுத்ததைப் புரட்டினேன்.

மூன்று மாதம் கழித்துக் கொதிகலன்காரரின் மகள் வந்தார். ஓய்வுபெற்ற டீச்சர், அறுபத்தெட்டு வயது, தனிக்கட்டை.

"தம்பி, நாப்பத்தொண்ணுக்கு அப்புறம் நாப்பத்திமூணு வருதே?"

"நடுவுல இருக்கறது வெத்துப் பக்கம்மா."

"வெத்துப் பக்கத்து மை முன்பக்கம் எப்படிப்பா ஊறித் தெரியும்? வீட்ல பெருசு பண்ணிப் பாத்தேன். எங்கப்பா சாவியத் தொலைக்கலன்னு நான் கண்ண மூடறதுக்குள்ள யாராவது ஒருத்தர் சொல்லிரணும்."

அவ்வளவு தெளிவாகப் படம் எடுத்தது நான்தான். ஊறிய மைகூட விடாமல் பதிந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

அசலைக் கேட்டால் காட்ட வேண்டும் என்பது விதி. செவ்வாய்க்கிழமை மதியம் வரச் சொன்னேன். பதிவேட்டைப் பூச்சிமருந்து அறையில் வைத்திருந்தேன். புழு அரித்த ஏடுகளை அங்கே வைத்துக் கதவை இறுக மூடி, வெளியிலிருந்து மருந்துப் புகையைத் திறந்துவிடுவோம். டீச்சருக்கு உள்ளே ஒரு நாற்காலி போட்டேன். முழுசாகப் படிக்க விட்டேன். அதில் நான் குறை வைக்கவில்லை. படித்துவிட்டு வெகுநேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கப்பாவும் பாவம்தான் தம்பி. எத்தன வருஷம் இத மனசுல வெச்சுத் தவிச்சாரோ," என்றார்.

அப்பாவைப் பார்த்து யாரும் பாவம் என்று சொன்னதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

"தண்ணி எடுத்துட்டு வரேம்மா," என்று வெளியே வந்து கதவை மூடினேன். புகையைத் திறந்துவிட்டேன். பிறகு என் மேசையில் உட்கார்ந்து அன்றைய வேலையைத் தொடர்ந்தேன். அவர் கதவைத் தட்டிய அதிர்வில் இரண்டு பக்கம் கலங்கிப்போனது. சத்தம் அடங்கியதும் அவற்றை மறுபடி எடுத்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வயசானவர், தெரியாமல் உள்ளே போயிருப்பார் என்றுதான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். இணையத்தில் இன்றைக்கும் நாற்பத்தொன்றுக்குப் பிறகு நாற்பத்திமூன்றுதான். வேறு யாரும் கேட்கவில்லை. கேட்க அவர்கள் வீட்டில் ஆளும் இல்லை.

அந்த ஒரு தாளைக் கிழித்துப் போட்டிருந்தால் டீச்சர் உயிரோடு இருந்திருப்பாரே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஐயா, நான் ஆவணக் காப்பாளன். அப்படியொரு கொடுமையைச் செய்ய எனக்கு மனசு வராது.