சாக்பீஸ் அண்ணனுக்கு ஒரு தீர்வு

தலைமை ஆசிரியர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பெடுப்பது லேசுப்பட்ட வேலையில்லை, ஐயா. தூங்கிய பிள்ளைகளைக் காலமெல்லாம் பெஞ்சின்மேல் ஏற்றியவர்கள், இங்கே வந்து தாங்களே குறட்டை விடுவார்கள். பணியாளர் மேலாண்மை என்று பலகையில் எழுதினாலே பாதிப் பேருக்குக் கண் சொருகிவிடும். அதனால்தான் எங்கள் பயிற்சி மையத்தில் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, வாரம் ஒரு சிக்கலைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னேன். பயிற்சியாளர் விடை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான். எதற்கு அதிகக் கைகள் உயர்கின்றனவோ அதுவே தீர்வு.

கற்பனைச் சிக்கல்கள் எடுபடவில்லை. "இதெல்லாம் நடக்குற கதையா சார்?" என்று பின்வரிசையில் இருந்த பள்ளி முதல்வர் ஒருவர் கொட்டாவி விட்டார். நியாயம்தானே. நிஜமான ஒன்றைக் கொண்டுபோனேன், பெயரைச் சொல்லாமல்.

மையத்தின் மூத்த பயிற்சியாளரின் சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். அதனால் சாக்பீஸ் அண்ணன். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர், தங்கமான மனிதர். அவருக்கு அடுத்த ஆள் நான். அவர் ஓய்வு பெறவோ இன்னும் பல வருடங்கள் இருந்தன. வகுப்பில் கேட்டேன்: குற்றம் குறை இல்லாத மூத்த ஊழியர் ஒருவரை, வம்பு வழக்கில்லாமல், தானாகவே போக வைப்பது எப்படி?

அன்று ஒருவரும் தூங்கவில்லை.

சாந்தமான தலைமையாசிரியை ஒருவர் எழுந்தார். "திட்டவே கூடாது சார். ஆலோசகர்னு ஒரு பட்டம் கொடுத்து, வகுப்ப மட்டும் எடுத்துடுங்க. தானா வாடிடுவாங்க." கைகள் உயர்ந்தன. கால அட்டவணை போடுவது நான்; இயக்குநர் படிக்காமல் கையெழுத்திடுவார். மறுநாளே அண்ணன் ஆலோசகரானார். எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார், பாவம்.

அடுத்த வாரம் வகுப்பில், உடைந்த பெஞ்சுகள் கிடக்கும் அறைக்கு அவர் நாற்காலியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அதற்கடுத்து, அவர் வருவதற்குள் மற்றவர்கள் தேநீரை முடித்துவிட வேண்டும் என்றார்கள், முடித்தோம். காலி பிளாஸ்கைக் குலுக்கிப் பார்த்துவிட்டு அவர் சிரித்துக்கொள்வார். பிறகு அந்தக் கொட்டாவி முதல்வர் (இப்போது முன்வரிசைக்கு வந்துவிட்டிருந்தார்) ஒரு யோசனை சொன்னார். அந்த ஊழியர் பொறுப்பில் ஒரு பொருளைக் கொடுங்கள். அது காணாமல் போகட்டும். அவரை ஒரு வார்த்தை கேட்காதீர்கள்; அவர் எதிரில் மற்றவர்களிடம் மட்டும் விசாரியுங்கள். எவ்வளவு நாகரிகம் பாருங்கள். அண்ணன் பொறுப்பில் கொடுத்த மையத்தின் புரொஜெக்டர் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

யாரும் கேட்காமலேயே அண்ணன் தன் பையை மேசைமேல் கொட்டிக் காட்டினார். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து மொட்டைமாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தார்.

"வீட்ல எந்த முகத்த வச்சிக்கிட்டுப் போய் நிக்கிறது? இனிமே நான் என்னதான் பண்றது தம்பி, நீயே சொல்லு."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இறங்கி வந்திருப்பார். தெரியும். ஆனால் விடை சொல்லிக்கொடுப்பது என் முறையல்ல.

"உங்களுக்கு என்ன வழி தோணுதுண்ணே?" என்று மட்டும் கேட்டேன். நிதானமாக யோசிக்கட்டும் என்று கீழே வந்தேன். யாரும் தொந்தரவு செய்யாதபடி மாடிக் கதவுக்குத் தாழ் போட்டேன். வகுப்பு பாதியில் இருக்கும்போது முற்றத்தில் சத்தம் கேட்டது.

இரங்கல் கூட்டம் முடிந்ததும், அவர் இடத்துக்கு யாரைப் போடலாம் என்று இயக்குநர் வகுப்பிலேயே கேட்டார். எல்லாக் கைகளும் எனக்காக உயர்ந்தன. நான் மட்டும் தூக்கவில்லை, ஐயா. ஒருவருடைய சாவில் ஆதாயம் தேடினான் என்று நாளைக்கு என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது, இல்லையா.