பெரிய எழுத்துப் புத்தகங்கள்

"அவள் செத்துப்போனாள் எண்டு இதில கிடக்கு. நீர் எனக்கு வாசிக்கேக்கை..."

"அக்கா, நான் சொல்றத முதல்ல கேளுங்க..."

"...அவள் திரும்பி வந்தவள். வந்து புருசனோட சண்டை பிடிச்சவள். அந்தச் சண்டையை நீர் ரெண்டு நாளா வாசிச்சனீர்."

"சிரிச்சீங்கல்ல? வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சீங்கல்ல?"

"அந்தச் சண்டை இதில இல்லை, ரத்தினம். ஒரு வரி இல்லை."

எனக்குப் புதன்கிழமை பிடிக்கும். எங்கள் பேட்டை நூலகத்தில் புதிய தமிழ்ப் புத்தகங்களைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டு வருவது பெரும்பாலும் அன்றுதான். பசை வாசனை போகாத புத்தகங்கள். துப்பறியும் கதை, பயணக் கட்டுரை, மலாயிலும் சீனத்திலும் எழுதப்பட்டுத் தமிழுக்கு வந்தவை, சமையல் என்று எது வந்தாலும் எடுப்பேன். எடுத்துக்கொண்டு நேராகப் பூரணக்கா வீட்டுக்குப் போவேன். தோ பாயோ பேட்டையில் இருவருக்கும் ஒரே அடுக்குமாடி புளோக். அவர் பத்தாவது மாடி, நான் நான்காவது.

பூரணக்காவுக்குக் கண் அழுத்த நோய். நடக்க, சமைக்க, ஆள் முகம் பார்க்கப் பார்வை போதும். சாதாரண அச்சு மட்டும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பார். அதனால் பல வருடங்களாக நான் வாசித்தேன்.

எனக்குக் கதை என்றால் பேச்சு. பக்கத்தைத் திறந்தாலே ஆட்கள் பேசுவது காதில் விழும். மாமியாருக்கு ஒரு குரல், போலீஸ்காரனுக்கு ஒரு குரல். மலை, மழை, வானத்தின் நிறம், இதையெல்லாம் தாண்டிவிடுவேன். யாராவது பேசாமல் பிரிந்து போனால் அந்த இடத்தில் காது அடைத்துக்கொள்ளும். அப்போது நானே அவர்களைப் பேச வைப்பேன். எழுதியவர் சாகவிட்ட ஒரு பெண்ணை நான் பஸ்ஸில் ஏற்றித் திரும்பக் கொண்டு வந்தேன். அதைக் குற்றம் என்று எழுதிக்கொள்ள விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு புதன்கிழமை பெரிய எழுத்துப் புத்தகங்கள் வந்தன. ஒன்றிரண்டு அல்ல, ஒரு அலமாரி நிறைய. ஒவ்வோர் எழுத்தும் புளியங்கொட்டை அளவு. நான் பூரணக்காவிடம் மூச்சு விடவில்லை. அவருடைய மகள் சிவதர்ஷினி சொல்லிவிட்டாள். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஷிஃப்ட் வேலை அவளுக்கு. வீட்டில் இருக்கிற நேரமே கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்தில் இதைச் செய்தாள்.

"ஆன்ட்டி, இனி நீங்க தொண்டை கட்ட வாசிக்க வேணாம் லா. அம்மாவே படிச்சுக்குவாங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட். நான் கேட்டேனா?

பூரணக்கா உதடு அசையாமல் வாசிப்பவர். நான் எதிரே சோபாவில் உட்கார்ந்திருப்பேன். பக்கம் திருப்பும் சத்தம் வரும். திடீரென்று சிரிப்பார். "என்னக்கா, யாரு என்ன சொன்னா?" என்று கேட்டால், "பொறும் ரத்தினம்" என்பார். அந்த அறையில் எத்தனையோ பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குரல்கூட எனக்குக் கேட்கவில்லை. தள்ளுவண்டியில் வந்த காகிதம் என்னைவிட எதில் உசத்தி, சொல்லுங்கள். அதற்கு இருமல் வராது, ஒரு கோப்பைத் தேநீர் கேட்காது. அதுதான் அதன் பெருமை.

பிறகு, நான் முன்பு வாசித்துக் காட்டிய கதையே பெரிய எழுத்தில் வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் சொன்ன சண்டை அன்றைக்கு நடந்ததுதான். அதன் முடிவையும் சொல்லிவிடுகிறேன்.

"அப்ப, இத்தனை வருசமா நான் கேட்டதெல்லாம் உம்மட கதையோ?"

"கதை நல்லா இருந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"எனக்கு நல்லா இருக்க வேண்டாம். அதில உள்ளது வேணும். இனி வாசிக்க வராதையும், ரத்தினம். மருந்து விட மட்டும் வாரும்."

மருந்து விட மட்டும். பூரணக்காவுக்குக் கை நடுங்கும், தானாகக் கண்ணில் சொட்டு விட்டுக்கொள்ள வராது. மகளுக்கு நேரம் கிடையாது. காலையும் மாலையும் நான்தான் விட்டேன். விட்டவுடன் இமையை இறுக்கிக்கொண்டு, "எரியுதடியப்பா" என்று முனகுவார். நான் ஊதிவிடுவேன். என் கை வேண்டும், என் வாய் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்.

நான் சத்தம் போடவில்லை. சரி என்றேன். மருந்து விட மட்டும் போனேன்.

இந்த நோயைப் பற்றி மருத்துவர் எனக்கு விளக்கியிருந்தார். துணைக்குப் போகிறவள் நான்தானே. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது, மருந்துதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்றார். வலி இருக்காது என்றும் சொன்னார். அதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். வலிக்கும் என்றால் நான் செய்திருக்க மாட்டேன். நான் அப்படிப்பட்டவள் அல்ல.

மருந்தகத்தில் புதுப் போத்தல் வாங்கி வருவதும் என் வேலை. என் வீட்டுக் குழாயடியில் அதைக் காலி செய்தேன். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை நிரப்பினேன். பச்சைத் தண்ணீர் கண்ணுக்கு ஆகாது.

அடுத்த பரிசோதனையில் அழுத்தம் ஏறியிருந்தது. தினமும் மருந்து விடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்டார். ஒரு வேளை தவறியதில்லை என்றேன். அது உண்மை. வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். அதையும் நான்தான் வாங்கி வந்தேன். அறுவை சிகிச்சை என்று பேச்சு வந்தபோது பூரணக்கா பயந்தார். பயப்படுகிறவரை நான் வற்புறுத்தவில்லை. சிவதர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, நீங்க மட்டும் இல்லன்னா அம்மா என்ன ஆவாங்க" என்றாள். நானும் அதைத்தான் எல்லோருக்கும் புரிய வைக்க நினைத்தேன்.

முந்திய தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலை அலங்கார வளைவைப் பார்த்து, அதிலிருந்த மயிலின் கழுத்துக்கு நிறம் சரியில்லை என்று குறை சொன்னவர் அவர். இந்தத் தீபாவளிக்கு அதே சிராங்கூன் சாலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, "இந்த முறை லைட் போடேல்லையோ?" என்றார். பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு விளக்கையும் அவருக்குச் சொன்னேன். அங்கே இருந்ததைவிட அழகாகவே சொன்னேன்.

ஆமாம், அவர் கண்ணை அணைத்தது நான்தான். மறைக்கவில்லை. ஆனால் பெரிய எழுத்து வந்த பிறகு அந்தக் கண் என் பக்கம் திரும்பவே இல்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இருட்டில் உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு ஊரையே கூட்டி வந்து பேச வைக்க என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? நான் எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகம்.

போன புதன்கிழமை தள்ளுவண்டி வந்தது. சாதாரண எழுத்துப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். இனி எழுத்தின் அளவைப் பார்க்க வேண்டியதில்லை. மேலே போனேன். பூரணக்கா சுவரைத் தடவி வந்து கதவைத் திறந்தார், சோபாவைத் தடவி உட்கார்ந்தார். "வாசியும்" என்றார். அவராகவே கேட்டார், கவனியுங்கள்.

முதல் பக்கம் முழுக்க மழை. தாண்டினேன். ஒரு தாயும் மகளும் பேச ஆரம்பித்தார்கள். தாய்க்குக் குரல் கொடுத்தேன், மகளுக்குக் கொடுத்தேன். பூரணக்கா மெதுவாகக் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். அவர் முகம் என் குரல் வந்த திசைக்கு நேராக இருந்தது.

"ரத்தினம், முந்தி அந்த மருந்து எரியிறதெல்லோ. பிறகு ஏன் எரியேல்லை?"