நான் கொடுத்தது சரியான முகவரி

வால்தெர் ஒவிதியோ தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு நல்ல காபி கொடுப்பார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஊரில் இப்போது அவரைப் பற்றி நல்லதாக யாரும் சொல்வதில்லை.

அவரை நான் முதலில் பார்த்தது நகராட்சி மண்டபத்தில். 'குவாத்தமாலாவின் தலைசிறந்த தேடல் நிபுணர்' என்று தானே சுவரொட்டி அடித்து ஒட்டியிருந்தார். இணையத்தில் தேடினால் எந்தக் கடையையும் முதல் பக்கத்தில் வரவைப்பாராம். என் மனைவி நினேத் கேக் செய்து விற்றுவந்தாள். அதற்காகப் போனோம்.

"உங்ககிட்ட என்ன இருக்குன்னு எழுதாதீங்க. சனங்க எதைத் தேடுறாங்களோ அதை எழுதுங்க," என்றார் மேடையில் நடந்துகொண்டே. "ரெண்டாம் பக்கம் கல்லறைத் தோட்டம் மாதிரி. நவம்பர் ஒண்ணாந்தேதி, செத்தவங்களுக்குப் பூ வைக்க மட்டுந்தான் ஆள் வரும்."

நினேத் அதற்குள் அவர் பெயரைத் தேடியிருந்தாள். அதே பெயரில் ஒரு கோல்கீப்பர் வந்தார், ஒரு பல் மருத்துவர் வந்தார். அவள் விடாமல் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"நாலாம் பக்கத்துல கெடக்கறாரு பாரு," என்று போனைக் காட்டினாள். "இவரா நம்ம கேக்கைத் தூக்கி நிறுத்தப் போறாரு?"

பின்வரிசை சிரித்தது. நாங்கள் அவரிடம் பணம் கட்டிச் சேரவில்லை. காபி மட்டும் குடித்துவிட்டு வந்தோம்.

மே மாதம், ஐந்து மாதக் கர்ப்பத்தில், நினேத்துக்கு ரத்தப்போக்கு வந்தது. பிற்பகல். ஆட்டோவில் ஏறியதும் தேடினேன். 'சான் எவாரிஸ்டோ மகப்பேறு அவசர சிகிச்சை, இரவும் பகலும்.' எங்கள் ஊர்ப்பெயரோடு முதல் இடத்தில் இருந்தது.

"சந்தைக்குப் பின்னால இருக்கற சுகாதார நிலையத்துக்கே போலாம்," என்றாள். "அங்க என்னைத் தெரியும்."

"இது இன்னும் பக்கம்."

"அப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லையே. நான் பொறந்த ஊரு இது."

"புதுசா இருக்கும்," என்றேன்.

அந்த முகவரியில் பஞ்சர் ஒட்டும் கடை இருந்தது. பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் தட்டினேன். பிறகு திரும்பினோம். அன்று சந்தை நாள், வழி அடைத்திருந்தது. அவள் ஆட்டோவிலேயே இறந்தாள்.

அந்தப் பக்கத்தின் அடியில், தயாரித்தவர் என்று வால்தெரின் பெயர் இருந்தது. போய்க் கேட்டேன். காபி கொடுத்தார்.

"அந்த ஆஸ்பத்திரி தலைநகர்ல இருக்கு தம்பி. சுத்துப்பட்டு ஊர் எல்லாத்துக்கும் அதே பக்கந்தான், ஊர்ப்பேரை மட்டும் மாத்திப் போடுவோம். மேப்புல போட முகவரி ஒண்ணு கேக்கும். வாய்க்கு வந்ததைக் குடுக்கறதுதான். மனுசங்க நெசமாவே கெளம்பிப் போயிடுவாங்கன்னு யாரு கண்டா?" சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "ஆனா மொதல் இடத்துல வந்துச்சில்ல?"

நான் கணினி படித்தவன். நடந்ததை அப்படியே எழுதி வெளியிட்டேன். யாரும் படிக்கவில்லை. பஞ்சர் கடை வாசலுக்குப் போய் இறந்தவளை யார் தேடப்போகிறார்கள்? வால்தெர் மேடையில் சொன்னது நினைவுக்கு வந்தது. சனங்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்தேன்.

அந்த வாரம் ஊரில் இரண்டு குழந்தைகளைக் காணவில்லை. எல்லோரும் ஒன்றைத்தான் தேடினார்கள்: பிள்ளை பிடிப்பவன் யார்? அதற்கு ஒரு பக்கம் எழுதினேன். ஊர்ப்பெயரை மாற்றி மாற்றிப் போட்டேன். படம் வேண்டியிருந்தது. மண்டபத்தில் வால்தெரை எடுத்தது இருந்தது. முகவரி வேண்டியிருந்தது. நான் கொடுத்தது சரியான முகவரி.

ஞாயிறு காலையில் அது முதல் இடத்துக்கு வந்தது. வால்தெர் பெயரைத் தேடினாலும் அதுதான் வந்தது; கோல்கீப்பர் கீழே இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டு தோன்யா சோனிதா போனோடு வந்தாள்.

"படிச்ச புள்ள நீ, சொல்லு. மொதல்லயே வருதே, பொய்யாவா இருக்கும்?"

"முதல்ல வந்தா சரியாத்தான் இருக்கும் அத்தை," என்றேன்.

பூசை முடிந்தும் மாதா கோயில் மணி நிற்கவில்லை. எங்கள் ஊரில் அப்படி அடித்தால் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் வர வேண்டும். வால்தெரை எரிக்கப் பெட்ரோல் கொடுத்தது ஆட்டோக்காரர்கள் என்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நான் நினேத்தின் கேக் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். யாரையும் தொடவில்லை.

குழந்தைகள் சனிக்கிழமையே கிடைத்துவிட்டார்கள், பக்கத்து ஊரில் சித்தி வீட்டில். அந்தச் செய்தியை நான் பார்த்தேனா என்று கேட்டீர்கள். பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதை மேலே கொண்டுவர எனக்குத் தெரியும். தோன்யா சோனிதாவிடம் வாயால் சொல்லவும் தெரியும்.

ஆனால் இரண்டாம் பக்கத்துக்கு யாரும் போவதில்லை, ஐயா. முதலில் வருவதைத்தான் எல்லோரும் அழுத்துவார்கள். யாராக இருந்தாலும் அன்று அதைத்தான் அழுத்தியிருப்பார்கள்.

நினேத் அழுத்தியிருக்க மாட்டாள்.