கழற்றி வைத்த ஒயர்

மதியம் மூன்று பத்து.

"பகல்லயாடா பேய் வந்துச்சு?" என்றான் குண்டன், போர்வைக்குள்ளிருந்து.

பகலில்தான். விளக்கை அணைத்தபடியே விடு. கேள்.

நடந்தது என் சிநேகிதனின் மாமாவுக்கு. அவன் அக்காவின் கணவர். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் எலெக்ட்ரீஷியன். அக்காவுக்கும் அங்கேதான் வேலை. ஏழாவது மாடியில், கணக்குப் பிரிவில். மதியம் டிபன் பாக்ஸோடு மாமாவிடம் இறங்கி வருவாள்.

கீழ்த்தளத்தில் ஓர் இரும்புப் பெட்டி. எந்த மாடியில் தீப்பிடித்தாலும் அந்த மாடிக்கான விளக்கு அதில் எரியும், மணி அடிக்கும். அதற்கென்று தனி லைன், தனி சுவிட்ச். சிவப்பு பெயிண்ட், பூட்டு. வேறு எதையும் அந்த லைனில் தொடுக்கக் கூடாது. கரண்ட் போனால் உள்ளே இரண்டு பேட்டரி. ஒரு நாள் தாங்கும்.

அன்று மெயின் போர்டில் வேலை. மாமா சிவப்பு சுவிட்சை இறக்கினார். பெட்டி பேட்டரிக்கு மாறியது. கரண்ட் இல்லை என்று கீச்... கீச்... நிற்கவே இல்லை.

"என்னங்க இது, உங்க அம்மா மாதிரியே மூச்சு விடாம கத்துது" என்றாள் அக்கா. "சாப்பிடுற நேரமாவது அது வாயை மூடுங்க."

மாமா சிரித்துக்கொண்டே பேட்டரி ஒயரைக் கழற்றினார். சத்தம் நின்றது. சாப்பிட்டார்கள். அக்கா மேலே போனாள். வேலை முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று மாமா போர்டுக்குத் திரும்பினார்.

ஏழாவது மாடி ஃபைல் அறையில் தீ. மணி அடிக்கவில்லை. தெருவிலிருந்து யாரோ புகையைப் பார்த்துக் கத்தியபோது நேரமாகிவிட்டது. மற்றவர்கள் எப்படியோ இறங்கிவிட்டார்கள். அக்கா இறங்கவில்லை. நடைபாதையில், மணி அடிக்கக் கண்ணாடியை உடைத்து அமுக்குவார்களே, அந்தப் பொத்தானுக்குக் கீழே கிடந்தாள். கண்ணாடி உடைந்திருந்தது. கட்டைவிரலில் வெட்டு.

மாமா அழவில்லை. முகம் மழித்தார். வேலைக்குப் போனார். "ஒயரை நான்தான் கழட்டினேன்" என்று சிநேகிதனிடம் சொன்னாராம். உப்பு கேட்கிற குரலில்.

பிறகு கட்டடத்தைப் பழுது பார்க்க மூடினார்கள். பழைய பெட்டியைக் கழற்ற மாமாவையே அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் அந்த மூன்று பத்து. கட்டடத்தில் வேறு ஆளில்லை.

சிவப்பு சுவிட்ச் இறக்கிப் பூட்டியாயிற்று. சாவி சட்டைப் பையில். பேட்டரி இரண்டும் தரையில். மீட்டர் வைத்துப் பார்த்தார். பூஜ்யம்.

பெட்டியில் ஏழாவது மாடி விளக்கு எரிந்தது.

மறுபடி மீட்டர். பூஜ்யம். உள்ளே போகிற ஒயரை வெட்டினார். எரிந்தது. சூடான தூசி வாசனை... மாமாவுக்குப் பயம் வரவில்லையாம். எதுவுமே வரவில்லையாம். ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டே இருந்தார்.

"ஓடலையா அவரு?"

இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு போன். தீயணைப்பு ஆட்கள் மாடியிலிருந்து கீழே பேசுவதற்கு. அதற்கும் கரண்ட் அந்தப் பெட்டியிலிருந்துதான். கிர்ர்... என்றது. ஒரே தடவை.

எடுத்தார்.

முதலில் மூச்சு. அப்புறம் இருமல். அப்புறம், சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல்.

"ஏங்க... அமுக்கிக்கிட்டே இருக்கேன், மணி அடிக்கலையே. கீழதானே இருக்கீங்க?"