காலியாக வந்தால்

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை அடுப்பங்கரை என் ராஜ்ஜியம், எனக்கு அளவு பிடிபடுவதே இல்லை. மேலே டொக் டொக்கென்று கேட்பது என் மச்சான்தான், மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் விசையைத் தட்டிக்கொண்டிருக்கிறான். பழைய வீடு, கூடத்தில் பேசுவது படிக்கட்டு வழியே அப்படியே மாடிக்குப் போகும். ஆனாலும் நீங்கள் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. அவன் எந்நேரமும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான்.

இத்தனை வருஷம் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறோம், இன்றைக்குத்தான் உங்கள் முகத்தைப் பார்க்கிறேன். முகம் தெரியாதவர்கள் சேர்ந்து இலவசமாக நிரல் எழுதும் ஓப்பன் சோர்ஸில் இதெல்லாம் சகஜம். ஊர் தூங்கும்போது உட்கார்ந்து என் நிரலில் ஓட்டை கண்டுபிடிப்பீர்கள் என்று உங்களுக்கு 'ஆந்தை' எனப் பெயர் வைத்தவன் நான்தான். நீங்களும் கோபித்துக்கொள்ளாமல் அதே பெயரில் கையெழுத்துப் போட்டீர்கள். பெரிய கண்ணாடி போட்டிருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். சரி, அது கிடக்கட்டும்.

மற்றவர்கள் இறக்கித் தங்கள் நிரல்களில் பயன்படுத்தும் நம்முடைய சல்லடை லைப்ரரியில் ஒரே வெளியீட்டு எண்ணில் இரண்டு வெவ்வேறு நகல்கள் எப்படி வந்தன என்று கேட்டீர்கள். இதைக் கேட்பதற்காக ரயிலேறி வந்திருக்கிறீர்கள். மழுப்ப மாட்டேன். உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்து முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எனக்குக் கோவையாக வரும்.

என் மாமியார் ஒருமுறை கேட்டார், "மாப்பிள்ளை, பொழுதன்னைக்கும் அந்தத் திரைய வெறிச்சுப் பாத்துக்கிட்டிருக்கீங்களே, அப்படி என்னதான் பண்றீங்க?" என்று. சமையலறை அலமாரியைத் திறந்து காட்டினேன். பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பா, அதற்குள் இன்னும் சின்னது. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. உலகத்தில் எத்தனையோ ஆவணங்களை இப்படித்தான் எழுதிவைக்கிறார்கள் அத்தை, ஊசிநூல் வேண்டும் என்று கேட்டால் சரியான டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் சல்லடையின் வேலை என்றேன். "மூடி இல்லாத டப்பா ஒண்ணு இருந்தா?" என்றார். கோபம் வந்து அலமாரியையே தொடாது என்றேன். "எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அந்தக் கோபத்தைத்தான் நான் சரிசெய்தேன். ஒரு மூடி விட்டுப்போனதற்காக மொத்த ஆவணத்தையும் படிக்க மாட்டேன் என்று சல்லடை அடம்பிடிக்கிறது, இதெல்லாம் ஒரு லைப்ரரியா என்று எத்தனை பேர் நம்மைக் கரித்துக் கொட்டினார்கள், உங்களுக்கே ஞாபகமிருக்கும். பழுதான டப்பாவை மட்டும் தாண்டிவிட்டு மற்றதையெல்லாம் கொடுக்கும்படி மாற்றினேன். தாண்டும்போது, நிரலை ஓட்டுபவரின் திரையில் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வரி வந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்கள். சரி என்று வைத்தேன். பிறகு எல்லோரும் அந்த வரியைத் திட்ட ஆரம்பித்தார்கள். நச்சரிக்கிறது என்றார்கள், வேகம் குறைகிறது என்றார்கள். நீங்கள் பிரசவ விடுப்பில் இருந்த சமயம், அதை எடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் சல்லடை பறந்தது. வேக ஒப்பீடுகளில் நம்மைப் பிடிக்க ஆளில்லை. 'வாயைத் திறக்காத தங்கமான லைப்ரரி' என்று முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சம்பளமில்லாத வேலை, பாராட்டும் வேண்டாம் என்று சொல்ல நான் என்ன சாமியாரா?

மச்சான் ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தான். வார்டில் நர்ஸ்கள் பார்க்கும் திரை அவன் எழுதியது. வெளியே கிளினிக்குகளிலிருந்து வரும் நோயாளிகளின் விவரங்களைச் சல்லடையில் போட்டு, ரத்தவகை என்ன, எந்த மருந்து ஆகாது என்பதையெல்லாம் எடுத்துத் திரையில் காட்டும். இதைவிடப் பெரிய கம்பெனிகளின் சரக்கெல்லாம் இருந்தும், எங்க அத்தான் எழுதினது என்று சொல்லிக்கொள்ளும் ஆசையில் நம்முடையதைப் போட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமியார் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"அத்தான், சில பேருக்கு ஒவ்வாமைங்கிற இடம் காலியா வருது. காலியா வந்தா என்னன்னு எடுத்துக்கறது?"

"காலியா வந்தா இல்லைன்னு அர்த்தம்."

"நிச்சயமா?"

"ஏன்டா மச்சான், நான் கட்டின வீட்டுக்கு எனக்கே வழி சொல்றியா?"

"அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ பேசாம சாப்பிடு" என்றார் மாமியார்.

அது தாண்டப்பட்ட டப்பாவாகவும் இருக்கலாம் என்று அப்போதே எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால், எச்சரிக்கையை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டிருப்பான். மாமியார் எதிரில் எதற்கு அந்தப் பேச்சு என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

அதன் பிறகு கொஞ்ச நாளில் மாமியாருக்குக் காலில் புண் பழுத்துக் காய்ச்சல் கண்டது. மகன் இருக்கிற இடம்தானே, நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று அங்கேயே சேர்த்தோம். ஒரு வகை ஊசி அவருக்கு ஆகாது. முன்பு ஒருமுறை அதைப் போட்டு மூச்சுத் திணறிப் பிழைத்திருக்கிறார். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று வீட்டில் மூச்சே விடவில்லை. ஆனால் பழைய கிளினிக் அனுப்பிய விவரத்தில் அது தெளிவாக இருந்தது. அந்த டப்பாவுக்கு மூடி மட்டும் இல்லை. வார்டுத் திரையில் 'ஒவ்வாமை: இல்லை' என்று வந்தது. காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தவரிடம் கேட்டுப் பயனில்லை என்று நர்ஸ் திரையைப் பார்த்தார், ஊசியைப் போட்டார். மச்சான் பழம் வாங்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரணை வைத்தார்கள். திரையை எழுதியவன் அவன், காலி என்பதை 'இல்லை' என்று காட்டச் சொன்னதும் அவன். வேலையை விட்டு நிறுத்தினார்கள். எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அத்தான், எச்சரிக்கை எதுவும் வந்த மாதிரி எனக்கு ஞாபகமே இல்ல. லைப்ரரி சொல்லாம முழுங்கியிருக்குமா? எனக்கு வேலை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அம்மாவ நான் கொன்னேனா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும்."

"நாளைக்குப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

இனி நீங்கள் கேட்க வந்தது. ஒருமுறை வெளியிட்ட எண்ணைத் தொடக்கூடாது. ஒரு கமாவை மாற்றினாலும் புது எண் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை நம்பித்தான் எல்லோரும் இறக்கிக்கொள்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் எத்தனை பேரை இதற்காக நானே காய்ச்சி எடுத்திருக்கிறேன். அன்று சாயங்காலம் அந்தச் சிவப்பு வரியைத் திரும்ப வைத்தேன். மருத்துவமனை பயன்படுத்திய எண் எதுவோ, அந்த எண்ணில் இருந்த நகலை எடுத்துவிட்டு இதை வைத்தேன். மருத்துவமனைக் கணினிகளை விசாரணைக்காரர்கள் பூட்டி முத்திரை வைத்திருந்தார்கள். அவனை உள்ளேயே விடவில்லை. எனவே அவனுக்குக் கிடைக்கக்கூடியது நான் வைத்தது மட்டும்தான். உங்கள் பழைய கணினியில் ஒரிஜினல் ஒன்று தங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதில் உங்களைக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் அவனிடம், "எல்லாம் திறந்துதானே கிடக்கு, நீயே இறக்கி ஓட்டிப் பாரு மச்சான்" என்றேன். அவன் பக்கத்திலேயே நின்றேன். பழைய கிளினிக்கில் கேட்டு வாங்கி வைத்திருந்த அம்மாவின் விவரத்தைப் போட்டு விசையைத் தட்டினான். சிவப்பில் வரி வந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்திருக்கு அத்தான். கண்ணு முன்னாடி வந்திருக்கு. நான்தான் பாக்காம விட்டிருக்கேன்."

தோளைத் தட்டிக் கொடுத்தேன். யாருக்கும் நடப்பதுதான், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

அன்றிலிருந்து மாடியறையில்தான் இருக்கிறான். தனியாக விடக்கூடாது என்று நான்தான் பிடிவாதமாக அழைத்து வந்தேன். அதே விவரத்தைப் போட்டு ஓட்டுவான், வரி வரும், பார்ப்பான், மறுபடி ஓட்டுவான். எந்த நேரத்தில் கண்ணை எடுத்தோம் என்று தேடுகிறானாம். அந்த டொக் டொக் இந்த வீட்டின் சத்தமாகவே ஆகிவிட்டது. அது கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கேட்டாலும் வருவதில்லை. சில நாள் அலமாரியைத் திறக்கும்போது பின்னாலிருந்து "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவது போலிருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். எந்த டப்பாவுக்கு மூடி சரியாக இல்லை என்று பார்த்து எல்லாவற்றையும் அழுத்தி மூடிவிட்டு வருவேன். "என் தம்பிய உங்கள மாதிரி வேற யாருங்க பாத்துப்பாங்க?" என்று என் மனைவி அழுதுகொண்டே சொல்வாள். அவள் சொல்வதும் உண்மைதான். தட்டில் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதிலிருந்து முடிவெட்ட அழைத்துப் போவதுவரை எல்லாம் நான்தான்.

அவனிடம் சொல்லிவிடச் சொல்கிறீர்கள். நான் சொல்லாவிட்டால் நீங்களே சொல்லிவிடுவதாகச் சொல்கிறீர்கள். சொல்லி? அவன் ஒரு பதிலைக் கண்டுபிடித்து அதோடு ஒருமாதிரி வாழப் பழகிவிட்டான். அதையும் பிடுங்கிக்கொண்டால், தன் கையால் தட்டித் தட்டிப் பார்த்ததெல்லாம் நான் வைத்த பொம்மை என்று தெரிந்தால், பாவம், தாங்குவானா? நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்ததாக நினைக்கிறீர்கள். ஆரம்பத்தில் அப்படித்தான். இப்போது அவனுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? டீயில் பாதி அப்படியே இருக்கிறது. எதைப் பார்க்கிறீர்கள்? ஓ, அதுவா. ஆமாம், அவனுடைய ஹெட்ஃபோன்தான். காலையில் குளிக்க இறங்கி வந்தவன் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

தட்டுகிற சத்தம் எப்போது நின்றதென்று நானும் கவனிக்கவில்லை. பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டேன். அவசரப்படாதீர்கள், இருங்கள், கூப்பிடுகிறேன்.

மச்சான்.

மச்சான், கேக்குதா?

பார்த்தீர்களா, அவன் எதையும் கேட்கவில்லை. தூங்கியிருப்பான். மாடிக்கெல்லாம் போக வேண்டாம், உட்காருங்கள். பதில் எதுவும் வராவிட்டால் அங்கே பிரச்சினை எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம்.