ஐஸ்கிரீம் ஆகும்வரை சஃபியுல்லா காத்திருக்கட்டும்

இந்த அவையின் தலைவியே, திருமலைராயன்பட்டினத்து மகளிர் மன்றத்தைத் தாங்கி நடத்தும் ரோஷன் பேகம் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, "இந்த ஆள் இன்றைக்காவது சுருக்கமாகப் பேசுவாரா" என்று முகத்தாலேயே கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் காஜா நஜ்முதீன் அவர்களே! கடையைப் பூட்டிவிட்டுக் கத்திரி வெயிலில் நடந்து வந்த வணிகப் பெருமக்களே! நெடுங்காட்டிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் உழவர் வீட்டு உறவுகளே! அடுப்பை அணைத்துவிட்டு அவைக்கு வந்திருக்கும் தாய்மார்களே! அணைத்துவிட்டுத்தானே வந்தீர்கள்? உங்கள் அத்தனை பேருக்கும் கோட்டுச்சேரி சுப்ராயனின் சலாமும் வணக்கமும்!

காவிரியைப் பற்றிப் பேசு என்றார்கள், கரை புரளப் பேசினேன். கல்வியைப் பற்றிப் பேசு என்றார்கள், கைதட்டல் குறையாமல் பேசினேன். கடலைப் பற்றியும் காதலைப் பற்றியும், ஒருமுறை கருவாட்டைப் பற்றியும் பேசியிருக்கிறேன். போன வாரம் ரோஷன் பேகம் அம்மா போனில் அழைத்தார். "சார், வீட்டுல ஐஸ்கிரீம் மிஷினை ஆபத்தில்லாம ஓட்டுறதைப் பத்தி நீங்க பேசணும்" என்றார். போனை வைத்ததும் என் மனைவியிடம் தலைப்பைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு அவள் சொன்னாள்: "உங்களுக்கு ஐஸ்கிரீமைத் திங்கத்தானே தெரியும்? பேச என்ன தெரியும்?" நியாயமான கேள்வி. ஆனால் இந்த ஊரில் நடந்ததைக் கேள்விப்பட்ட பிறகு, இதைவிடப் பெரிய தலைப்பு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இதோ மேசைமேல் துணி போர்த்தி வைத்திருக்கிறார்களே, அதுதான் அந்த இயந்திரம். எஃகு உடம்பு, எழிலான தோற்றம். பாலும் சர்க்கரையும் ஊற்றி மூடினால் உள்ளேயே குளிர்ந்து, உள்ளேயே சுழன்று, உறைந்து வரும். இதை அனுப்பியவர் சஃபியுல்லா, வளைகுடாவில் வேலை பார்ப்பவர். பெற்றுக்கொண்டவர் அவர் மனைவி ஷஃபீனா. பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள். நான் சொல்லப்போவது அவர் சொல்லச் சொன்னது.

இந்த ஊரில் பெட்டி வருவது என்றால் என்ன என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியுமா? கயிறு கட்டி, டேப் சுற்றி, கறுப்பு மையில் பெயர் எழுதி, கூடத்தை அடைத்துக்கொண்டு வந்து நிற்கும் அட்டைப்பெட்டி. அதற்குள் கோடாலித் தைலம் இருக்கும், கம்பளி இருக்கும், பேரீச்சம்பழம் இருக்கும், சோப்பு இருக்கும். இத்தனைக்கும் மேலாக ஒரு மனிதனின் ஏக்கம் இருக்கும். அதனால்தான் பெட்டியைப் பிரிக்கும்போது அவனும் இருக்கவேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறீர்கள். வீடியோ காலில் அவன் முகம். இங்கே கத்தரிக்கோல் டேப்பில் ஏறும்போது அங்கே அவன் கண் விரியும். இது உலகத்தில் உயர்ந்த வழக்கம் என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

அன்றைக்கும் அப்படித்தான் பிரித்தார்கள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பக்கத்து வீட்டு வடிவாம்பாள். நெடுங்காட்டில் பிறந்தவர், இங்கே கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்பவர். இயந்திரம் வெளியே வந்தது. சஃபியுல்லாவுக்குச் சாப்பாட்டு நேரம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வேலைக்கு ஏறவேண்டும். "சீக்கிரம் போட்டுக் காட்டு ஷஃபீனா, ஓடுறதைப் பார்த்துட்டுப் போயிடுறேன்" என்றார்.

புதுச் சாமான் என்றால் கழுவாமல் புழங்கலாமா? ஷஃபீனா சுத்தக்காரர். கிண்ணத்தையும் கழுவினார், மூடியையும் கழுவினார். அதோடு நிற்கக்கூடாதா? கப்பல் தூசி என்று முழு இயந்திரத்தையும் குழாயடியில் சாய்த்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். தரையெல்லாம் ஈரம். வெறுங்கால்.

அடுத்தது பிளக். அந்த நாட்டுப் பிளக்கில் பின் மூன்றும் பட்டை. நம் சுவரில் துளை மூன்றும் உருண்டை. மாமனார் முகைதீன் பிச்சை பழைய சபுராளி. கடல் கடந்து உழைத்துவிட்டு வந்தவர். பெட்டியில் வந்த எத்தனையோ சாமானுக்கு அவர் கையாலேயே வைத்தியம் பார்த்திருக்கிறார். பட்டைப் பிளக்கை வெட்டினார். பழைய ஃபேனில் இருந்த இரண்டு பின் பிளக்கைப் பொருத்தினார். உள்ளே மூன்று ஒயர், பிளக்கில் இடம் இரண்டு. பச்சை ஒயர் மிச்சம். மிச்சமானதை என்ன செய்வீர்கள்? அவரும் அதையே செய்தார், நறுக்கிவிட்டார்.

என்ன அங்கே? "எங்க வீட்டு அயர்ன் பாக்ஸும் அப்படித்தான்" என்கிறீர்களா? சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா, நாலு பேர் காதில் விழட்டும். இன்னும் எத்தனை வீட்டில் பச்சை ஒயரை நறுக்கியிருக்கிறீர்கள்? அடேயப்பா, இத்தனை கையா!

அந்தப் பச்சை ஒயர் எதற்கு என்று சொல்கிறேன். உள்ளே ஏதாவது கோளாறாகி எஃகு உடம்பில் மின்சாரம் ஏறினால், அது உங்கள் வழியாகப் போகாமல் தன் வழியாக மண்ணுக்குள் போக ஒரு பாதை, எர்த் என்பார்கள். எல்லா நாளும் சும்மா கிடக்கும். ஒரே ஒரு நாளுக்காகக் கிடக்கும். அந்த ஒரு நாள் வந்தபோது அது குப்பையில் கிடந்தது.

ஷஃபீனா ஒரு கையால் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுவிட்சைப் போட்டார். போட்டவர் அப்படியே நின்றார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கை இயந்திரத்தை விடவில்லை. மாமனார், "புள்ள!" என்று அலறிக்கொண்டு பிடித்து இழுக்கப் பாய்ந்தார்.

"மாமா, தொடாதீங்க!" என்று ஒரு கத்தல். கத்திய வடிவாம்பாள் என்ன செய்தார்? ஷஃபீனாவை நோக்கி ஓடவில்லை. திரும்பி வாசல் பக்கம் ஓடினார். போன் அவர் கையில். கடலுக்கு அப்பால் ஒரு மனிதன் பார்க்கிறான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். அடுத்த நொடி அந்த முகம் போய்விட்டது. சுவர் ஓடுகிறது, கதவு ஓடுகிறது, கூரை ஓடுகிறது. "எங்கக்கா ஓடுறீங்க? அவளைப் புடிங்க! அக்கா, ஓடாதீங்க!" என்று கதறுகிறான்.

வடிவாம்பாள் வாசல் மீட்டர் பெட்டிக்கு ஓடி மெயினை இறக்கினார். வீடு அடங்கியது. இயந்திரம் அடங்கியது. ஷஃபீனா சரிந்து விழுந்தார். மெயின் போனால் வைஃபையும் போகும் அல்லவா? சஃபியுல்லாவின் திரையும் அணைந்துவிட்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் தாய்மார்களே. இங்கே ஷஃபீனாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பறக்கிறார்கள். போன் எங்கே விழுந்தது என்று யாருக்கும் நினைவில்லை. அங்கே ஒருவன் அழைக்கிறான், அழைக்கிறான், அழைத்துக்கொண்டே இருக்கிறான். எடுப்பார் இல்லை. மனைவி இருக்கிறாளா, இல்லையா? சொல்வார் இல்லை. அவன் அவளிடம் கடைசியாகச் சொன்ன சொல் என்ன? "சீக்கிரம் போட்டுக் காட்டு." அந்தச் சொல்லோடு அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். இந்த இடத்தை எழுதும்போதே பேனாவை மூடி வைத்துவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

ஷஃபீனா கண் விழித்தார். விரலில் தீக்காயம், உடம்பெல்லாம் வலி, உயிருக்கு ஒன்றுமில்லை. விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "மச்சான் லைன்ல இருக்காங்களா?"

வடிவாம்பாள் ஏன் ஓடினார்? நெடுங்காட்டில் அவர் சித்தப்பாவைப் பம்புசெட்டு மின்சாரம் பிடித்தது. பாசத்தோடு பாய்ந்து பிடித்த வடிவாம்பாளின் அண்ணனையும் சேர்த்துக் கொண்டுபோனது. ஒரே பந்தலில் இரண்டு பாடை பார்த்த பெண் அவர். மின்சாரம் பிடித்த ஆளைத் தொட்டால் தொட்டவருக்கும் அதே கதி. முதலில் மெயினை இறக்கு. இறக்க முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளு. வெறுங்கை மட்டும் வேண்டாம். அது தெரிந்ததால்தான் நெஞ்சு ஒரு பக்கம் இழுக்க, கால் மறுபக்கம் ஓடியது. அம்மா வடிவாம்பாள், அன்றைக்கு நீங்கள் ஓடிய ஓட்டத்துக்கு இந்த அவை எழுந்து நிற்கலாம். எழுந்திருங்கள் எல்லோரும்! நஜ்முதீன் பாய், உங்களுக்கு முழங்கால் வலி என்று தெரியும், நீங்கள் உட்கார்ந்தே தட்டுங்கள்.

அமருங்கள். இனி நெஞ்சில் வைக்கவேண்டியதைச் சொல்கிறேன். கடல் தாண்டி வந்த இயந்திரம் வழியில் எத்தனை முறை தலைகீழாகக் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்? உள்ளே குளிரூட்டும் இந்த வகையைப் பெட்டியிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்து, உள்ளிருக்கும் எண்ணெய் தன் இடத்துக்கு இறங்க ஒரு நாள் முழுக்க அப்படியே விடவேண்டும். கூட வரும் புத்தகத்திலேயே அது இருக்கிறது. புத்தகத்தை எங்கே போட்டீர்கள்? மீன் சுற்றவா? கிண்ணத்தைக் கழுவுங்கள், உள்ளே சுழன்று கிண்டும் துடுப்பைக் கழுவுங்கள். மோட்டார் உள்ள உடம்பை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும். பட்டைப் பிளக்கா? தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நம் ஊர் மூன்று பின் பிளக் போடச் சொல்லுங்கள், பச்சை ஒயருக்கு அதன் இடத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். கடல் காற்றில் சுவர் சாக்கெட்டுக்குள்ளேயே துரு பிடிக்கும் ஊர் இது. எர்த் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்.

துடுப்பு சுழலும்போது ஸ்பூனை விட்டு ருசி பார்ப்பவர்கள் யார்? விரலை விட்டுப் பார்ப்பவர்கள்? யாரம்மா அங்கே சிரிக்கிறது? அணைத்துவிட்டு நக்குங்கள், யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். பாலைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து ஊற்றுங்கள். பச்சை முட்டை வேண்டாம். கரண்டு போய் உருகியதை மறுபடி உறையவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வயிற்றுக்கு நாம் செய்யும் துரோகம் அது.

ஆனால் என் மனத்தில் உறுத்துவது வேறு. சஃபியுல்லா கெட்டவரா? முகைதீன் பிச்சை அலட்சியக்காரரா? ஷஃபீனா அறியாதவரா? இல்லவே இல்லை! தூரத்தில் இருப்பவன் ஆசையாய் அனுப்புகிறான். வீட்டில் இருப்பவள் அவன் முகம் மலர அவசரப்படுகிறாள். இந்தப் பக்கமும் அன்பு, அந்தப் பக்கமும் அன்பு. நடுவில் நின்றது மின்சாரம். யார் மேல் யாருக்கு அன்பு என்று அதற்குத் தெரியுமா? சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் காட்டவேண்டும் என்ற அவசரம் அதற்குப் புரியுமா? அன்பைக் காட்டுவதில் அவசரம் எதற்கு? ஆயுள் முழுக்கக் காட்டவேண்டிய அன்பு அல்லவா அது?

ஷஃபீனா பிழைத்த செய்தி எட்டியபிறகு சஃபியுல்லா இயந்திரத்தைத் தூக்கிப் போடச் சொன்னார். ஷஃபீனா மறுத்தார். "நம்ம பண்ணுனதுக்கு அது என்ன பண்ணும் மச்சான்?" என்றார். எலக்ட்ரீஷியனை அழைத்து, அதைப் பிரித்து, உலர்த்தி, சோதித்து, சரிசெய்யச் சொன்னார். வீட்டு எர்த்தையும் புதிதாகப் போடவைத்தார். முகைதீன் பிச்சை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பச்சை ஒயர் முடுக்கப்படும்வரை எழுந்திருக்கவில்லை. ஆனாலும் சஃபியுல்லாவின் வாயிலிருந்து "காட்டு" என்ற சொல் அன்றோடு போய்விட்டது. சமையலைக் காட்டு என்பதில்லை, துணியைக் காட்டு என்பதில்லை. பேசுகிறார், வைத்துவிடுகிறார். அதுதான் ஷஃபீனாவுக்கு விரல் காயத்தைவிட அதிகம் வலித்தது.

அவர் மன்றத்துக்கு வந்து அழுதார். அன்றைக்குப் பெண்கள் கூடி ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்கள். பெட்டி வந்த அன்று பிரிக்கலாம், பகிரலாம், வீடியோ காலில் ஆசை தீரப் பார்க்கலாம். சுவிட்சைப் போடக்கூடாது. பிறகொரு நாள் முறையாகச் சரிபார்த்துப் போடும்போது போன் அணைந்திருக்கவேண்டும். வேலை முடிந்தபின், பண்டம் கிண்ணத்துக்கு வந்தபின் அழைத்துக் காட்டலாம். இதைச் சஃபியுல்லாவிடம் சொன்னபோது, "அப்ப, ஆனதும் காட்டு" என்றாராம். அந்தச் சொல் திரும்பி வந்துவிட்டது!

இன்றைக்கு அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே அறையில் உட்கார்ந்திருக்கிறார். ஷஃபீனா இந்த மேடையில், உங்கள் எல்லோர் முன்னாலும், செருப்புக் காலோடு, காய்ந்த கையோடு, இந்த இயந்திரத்தை ஓட்டப்போகிறார். வடிவாம்பாள் மெயின் பக்கத்தில் நிற்கிறார். போன் ரோஷன் பேகம் அம்மாவின் பைக்குள் அணைந்து கிடக்கிறது.

நான் இறங்கினால்தான் இயந்திரம் ஓடும். மாலைத் தொழுகைக்கு அழைக்கும் அசர் பாங்குக்கு முன்னால் முடித்துவிடுகிறேன் என்று நஜ்முதீன் பாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அழைத்த மன்றத்துக்கு நன்றி. அமர்ந்து கேட்ட அவைக்கு நன்றி. நடந்ததை மறைக்காமல் சொல்லவிட்ட அந்தக் குடும்பத்துக்கு இந்தச் சுப்ராயனின் தலை தாழ்ந்த நன்றி. எல்லோரும் நலமோடு வீடு சேருங்கள். வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

யாரோ கேட்கிறீர்கள், "பாவம் சார், அவரு காத்துக்கிட்டு இருப்பாரே?" என்று. இருக்கட்டும் அம்மா. அன்றைக்கு அவர் காத்திருந்தது, மனைவி இருக்கிறாளா என்று தெரியாமல். இன்றைக்குக் காத்திருப்பது, இருக்கிறாள் என்று தெரிந்து. ஐஸ்கிரீம் ஆகட்டும். அவளே கூப்பிடுவாள்.